அம்மாவுக்கு நீ அனுப்பிய போன்

மகனே,

நலமா, சாப்பிட்டாயா என்று கேட்டு ஆரம்பிக்கப் போவதில்லை. அதையெல்லாம் நேற்றுச் சாயங்காலம் போனிலேயே கேட்டாயிற்று. இதை எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்பப் போகிறேன். என் கையெழுத்து உனக்குத் தெரியும். நம் துணிக்கடையில் பொட்டலத்தின் மேல் நான் எழுதி வைத்த பெயரை மறுநாள் நானே வாசிக்க முடியாமல் உன்னைக் கூப்பிட்ட நாட்கள் எத்தனையோ உண்டு. ஆகவே உன் போனில் விரலால் இழுத்துப் பெரிதாக்கி வாசி. இவ்வளவு நாளாக நீ புகழ்ந்துகொண்டிருக்கிற அந்த ரெஸலூஷன் இன்றைக்காவது ஒரு வேலைக்கு உதவட்டும்.

இதைப் பேசும்போதே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். நீ கத்தாரிலிருந்து அழைக்கும்போதெல்லாம் உன் அம்மா என் தோளை ஒட்டி உட்கார்ந்திருக்கிறாள். அவளை வைத்துக்கொண்டு சொல்ல முடியாத விஷயம் இது. ஆவணியில் உனக்குக் கல்யாணம். அந்தக் கல்யாணத்தை உன் அம்மா கண்ணால் பார்ப்பாளா, மாட்டாளா என்பதுதான் விஷயம். பதறாதே. உயிருக்கு ஒன்றுமில்லை. நடமாட்டமெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. என்னைத் திட்டுகிற சத்தமும் குறையவில்லை. முழுக்க வாசித்துவிட்டு அப்புறம் அழை. புத்தருக்கு எடுக்கிற வெசாக் பண்டிகைக்காக இன்றைக்கும் கடை பூட்டு. பதுளை பஜாரே அடங்கிக் கிடக்கிறது. எனக்கும் எழுத நேரம் இருக்கிறது, உனக்கும் வெள்ளிக்கிழமை லீவு.

நீ போன் கடையில் இந்தத் திரை விற்கிற தொழிலுக்குப் போனது எனக்கு ஆச்சரியமே இல்லை. கடைக்குப் பின்னால் இருந்த அறையில் நாம் முதன்முதலாக வைத்த கலர் டீவி நினைவிருக்கிறதா? மேட்ச் நடந்துகொண்டிருக்கிறது, பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாம் கதவு வரைக்கும் நிற்கிறார்கள், நீ விரலைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு போய்த் திரையில் ஒரு சொட்டு வைத்தாய். "அம்மா, பந்து போடுறவன் மூஞ்சி பூரா புள்ளிம்மா! செவப்பு, பச்ச, நீலம்!" என்று கத்தினாய். கரண்ட் அடித்துவிடும் என்று நான் அதட்டினேன். மற்றவர்கள் படத்தை மறைக்காதே என்று அதட்டினார்கள். உன் அம்மா மட்டும் தைத்துக்கொண்டிருந்ததைப் போட்டுவிட்டு வந்து குனிந்தாள். "தள்ளு, தண்ணி எதுக்கு? எனக்குச் சும்மாவே தெரியுதே" என்றாள். உண்மைதான். அந்தக் காலத்தில் அவள் கண் அப்படி. மழைக்காலத்தில் கரண்ட் போனால் குப்பி விளக்கின் வெளிச்சத்தில் ஊசியில் ஒரே தடவையில் நூல் கோர்ப்பாள். அவள் பிறந்த மடுல்சீமைக்குப் பஸ்ஸில் போகும்போது எதிர் மலையில் தேயிலைக் கொழுந்து எடுக்கிற பெண்களைப் பார்த்து, "அந்தா, மூணாவது நிரையில எங்க அண்ணி" என்பாள். எனக்கு அங்கே மலை மட்டும்தான் தெரியும். இறங்கி விசாரித்தால் அண்ணி அன்றைக்கு அந்த மலையில்தான் நின்றிருப்பாள்.

அவள் எனக்கு அறிமுகமானதே அந்தக் கண்ணால்தான். அந்தக் கதையை நான் உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. பெற்றவர்கள் தங்கள் காதல் கதையைப் பிள்ளைக்குச் சொல்லக்கூடாது என்று ஒரு வெட்கம். இப்போது நீயே மாப்பிள்ளை ஆகப் போகிறாய், இனி என்ன வெட்கம்? சம்பளம் போட்ட ஒரு சனிக்கிழமை. தோட்டத்துச் சனம் பஸ் பஸ்ஸாக இறங்குகிறது. கடைக்குள் நிற்க இடமில்லை. மடுல்சீமையிலிருந்து ஒரு குடும்பம் மூத்த மகளுக்குக் கல்யாணச் சாரி எடுக்க வந்திருந்தது. அரக்குக் கலரில் ஒன்று எல்லோருக்கும் பிடித்துவிட்டது. நான் மடிக்கப் போகிறேன், இளைய பெண் சட்டென்று அதை இழுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். நான் அப்போது கடைக்கு வந்த புதிது. திருட்டுத்தான் என்று நினைத்துப் பின்னாலேயே பாய்ந்தேன். "இந்தாம்மா, எங்க தூக்கிக்கிட்டுப் போறீங்க?" என்றேன். அவள் நடுத்தெருவில் வெயிலில் முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஒண்ணும் ஓடிப் போயிர மாட்டேங்க. ஒங்க லைட்டுக்கு அடியில அரக்கு, வெளிய வந்தா செங்கல்லு. எங்க அக்கா கல்யாணத்துக்குச் செங்கல்லு கலர்லயா சாரி கட்டுறது?" என்று கேட்டாள். தெருவே சிரித்தது. நான் பார்த்தேன். செங்கல்தான்.

கடைக்காரக் குடும்பத்துப் பையனுக்குத் தோட்டத்தில் பெண்ணா என்று உன் தாத்தா வீட்டில் நடந்த சண்டையை விட்டுவிடுகிறேன், அது வேறு கடிதம் அளவுக்கு வரும். சொல்ல வந்தது இதுதான். அவள் இந்த வீட்டுக்கு வந்த பிறகு நம் கடையில் ஒரு வழக்கம் உண்டாயிற்று. எந்தச் சாரியையும் வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் காட்டாமல் மடித்துக் கொடுப்பதில்லை. மழை நாளில்கூட ஓட்டுக்கு அடியில் நின்று காட்டுவாள். வியாபாரம் கெட்டாலும் பரவாயில்லை என்று பிடிவாதம். அதனால்தான் வெலிமடைப் பக்கத்திலிருந்தும் ஹாலிஎலயிலிருந்தும் சனம் வேறு கடைகளைத் தாண்டி நம்மிடம் வந்தது. பிளவுஸ் துணிக்கும் சாரிக்கும் பொருத்தம் பார்க்க அவளைவிட்டால் ஆளில்லை என்று பெயர்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் முழுவதும் உன் அம்மா ஒரே பாட்டாகப் பாடிக்கொண்டிருந்தாள். "தம்பி மொகம் தெளிவா தெரியலீங்க. பனி மூடுன மாதிரி இருக்கு." ஊவா மாகாணத்தில் பனி என்றால் யார் சந்தேகப்படுவார்? நான் சிக்னலைக் குறை சொன்னேன். நீ போனைக் குறை சொன்னாய். போன் கடையில் வேலை செய்கிற பிள்ளை இருக்கும்போது அம்மா மங்கலாகப் பார்ப்பதா என்று உனக்கு ரோஷம் வந்துவிட்டது. அங்கிருந்து லீவில் ஊருக்கு வந்த ஒருவர் கையில் புதுப் போனைக் கொடுத்து அனுப்பினாய். கூடவே எனக்கு வோய்ஸ் மெசேஜ் மேல் வோய்ஸ் மெசேஜ். "அப்பா, பழைய போனைவிட இதுல நாலு மடங்கு புள்ளிப்பா. கண்ணுக்கே புள்ளி தெரியாது, அவ்வளவு நெருக்கம்" என்றாய். கண்ணுக்கே தெரியாத புள்ளியை நாலு மடங்கு கூட்டி என்னடா செய்கிறீர்கள் என்று நான் கேட்டதற்கு, "ஒங்களுக்கு வெளங்காதுப்பா" என்று சிரித்தாய். அது எனக்குச் சுருக்கென்றது. விளங்காது என்று சொன்னால் விளங்கிக்கொண்டுதான் ஆக வேண்டும் என்கிற சாதி நான். அதனால் ஆராய்ச்சியில் இறங்கினேன்.

முதல் ஆராய்ச்சி தானாகவே நடந்தது. மடுல்சீமையில் உன் மாமா லயத்து வரிசை வீட்டை விட்டுத் தனி வீட்டுக்குக் குடிபோன அன்றைக்குப் பால் காய்ச்சுவதை உனக்குக் காட்ட வேண்டும் என்று புதுப் போனோடு பஸ் ஏறினோம். நீ சொன்னபடியே செட்டிங்ஸுக்குள் போய் ரெஸலூஷனை உச்சத்தில் வைத்திருந்தேன். அந்தப் பாதை உனக்குத் தெரியும், வளைவுக்கு வளைவு சிக்னல் வரும், போகும். போன் அதைத் தேடித் தேடியே களைத்தது. போதாததற்கு அத்தனை புள்ளியையும் எரிய வைக்க வேண்டும். மேலே போய்ச் சேர்ந்தபோது போன் சுடுகிறது, பெற்றரி சாகக் கிடக்கிறது. பால் பொங்குகிற நேரத்துக்குச் சரியாகத் திரை கறுத்துப் போனது. நீ பார்த்த பால், என் சட்டைப் பையிலிருந்த பழைய போன் காட்டிய பால். நீ, "புதுப் போன்ல எப்பிடி தெளிவா வருது பாத்தீங்களாப்பா?" என்று கேட்டாய். நான் ஆமாம் என்றேன். உன் மாமா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு சிரித்தார்.

மறுநாளே நான் செட்டிங்ஸுக்குள் போய்ப் புள்ளியைக் குறைத்துவிட்டேன். உன்னிடம் சொல்லவில்லை. அன்றிலிருந்து போன் ராத்திரி வரைக்கும் தாங்குகிறது. படத்தில் எனக்கு ஒரு மாற்றமும் தெரியவில்லை. அப்புறம் நீயே ஒரு நாள் வாய்தவறிச் சொன்னாய், கம்பெனிக்காரர்களே பெட்டிக்குள் வைக்கும்போது குறைத்துத்தான் அனுப்புகிறார்கள், வாங்குகிறவர்களில் பாதிப் பேர் அதைக் கூட்டிப் பார்ப்பதே இல்லை என்று. அடடா, நம் தொழிலில் இதற்கு என்ன பெயர் தெரியுமா? கண்ணாடி அலுமாரியில் தொங்கவிடுகிற சாரி. எல்லோரும் அதைப் பார்த்துத்தான் கடைக்குள் வருவார்கள், எடுத்துக்கொண்டு போவது வேறொன்றை. மெல்லிய நூலில் நெய்த வொயில் சாரி எவ்வளவு அழகு! ஆனால் தோட்டத்துப் பெண்கள் தடவிப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார்கள். நாலு சலவைக்கு நிற்காது என்று அவர்களுக்குத் தெரியும். நெருக்கம் கூடினால் வேறெங்கேயோ ஒன்று குறையும். துணியில் அது உறுதி, உன் போனில் பெற்றரி. இதை நீயும் ஒத்துக்கொள்வாய் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது ஆராய்ச்சியைக் கடை மேசையில் நடத்தினேன். நான் செய்த வேலையை நினைத்தால் எனக்கே சிரிப்பு. வியாபாரம் மந்தமான ஒரு நாள், பழைய போனையும் புதுப் போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். உன் விருப்பப்படியே புதியதில் புள்ளியை மறுபடியும் உச்சத்துக்கு ஏற்றினேன், அநியாயம் செய்துவிட்டேன் என்று நீ சொல்லக்கூடாது அல்லவா? இரண்டிலும் ஒரே படம். வெலிமடையில் நிச்சயதார்த்தத்தன்று உன் வருங்காலப் பெண்டாட்டியும் அவள் அம்மாவும் மட்டும் நிற்கிற படம். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் கேட்டேன். "இதுல எது நல்லாருக்கு?" வாழ்நாள் பூராவும் கேட்ட கேள்விதானே. பக்கத்துச் செருப்புக்கடைப் பாய் பழைய போனைக் காட்டினார். பிளவுஸ் தைக்கக் கொடுக்க வந்த அம்மாவும் பழையதைத்தான் காட்டினார். காரணம் வேறொன்றுமில்லை, பழைய போனில் வெளிச்சத்தை நான் கொஞ்சம் தூக்கி வைத்திருந்தேன். சனத்துக்குப் புள்ளி தேவையில்லை, பளிச்சென்று இருந்தால் போதும். நான் உனக்கு எப்படி வோய்ஸ் மெசேஜ் போடுவது என்று வாக்கியத்தையே தயார் செய்துவிட்டேன்.

அப்போது பள்ளிக்கூடம் விட்டு வந்த ஒரு பிள்ளை, ஏ லெவல் படிக்கிறது, இரண்டு போனையும் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தது. "இதுல சாரிக் கரையில உள்ள நூலே தெரியுதுங்க அங்கிள். எழுத்தும் இதுலதான் உடையாது. நாங்க நோட்ஸ் எல்லாம் போன்லதானே படிக்கிறோம், பழசுல ரொம்ப நேரம் படிச்சா கண்ணு எரியுதுங்க" என்றது. நேர்மையாக உன்னிடம் சொல்லிவிடுகிறேன், உனக்கு ஒரு ஓட்டு விழுந்தது. நல்ல ஓட்டு. கொரோனாவில் பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்த காலத்தில் தோட்டத்துப் பிள்ளைகள் சிக்னலுக்காக மலை ஏறி, கரும்பலகையைப் பிடித்த படத்தைக் கைவிரல் அளவு திரையில் வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டியது எனக்கு மறக்கவில்லை. அந்தப் பிள்ளைகளின் கையில் தெளிவான திரை இருந்தால் நல்லதுதான். தமிழ் எழுத்தில் எத்தனை சுழி, எத்தனை புள்ளி! ஆக, நம் வாதத்துக்கு என் தீர்ப்பு இது. நெருங்கி வைத்து வாசிக்கிறவர்களுக்கு ஓரளவு வரைக்கும் தேவை. அதற்கு மேலே ஏற்றுவது, தாம்பாளத்தில் அடுக்கிய சீர் வரிசைக்கு மேலே இன்னொரு தாம்பாளம் வைப்பது. பார்க்கிறவர்களுக்குப் பெருமை, தூக்குகிறவனுக்குக் கை வலி. நீ மறுத்துப் பேசு, கேட்கிறேன். ஆனால் மிச்சத்தை வாசித்துவிட்டுப் பேசு.

ஏனென்றால் அந்தப் பிள்ளை போனதும், மிஷினில் உட்கார்ந்திருந்த உன் அம்மாவைக் கூப்பிட்டேன். அவள்தான் கடைசி நீதிபதி என்று வைத்திருந்தேன். அவள் வந்து இரண்டையும் பார்த்தாள். "ரெண்டும் ஒண்ணுதாங்க" என்றாள். "நல்லா பாத்துச் சொல்லு" என்றேன். "பாத்துட்டேங்க. ரெண்டுலயும் பனிதான்" என்றவள், கொஞ்சம் தயங்கி மெதுவாகக் கேட்டாள். "பொண்ணு எந்தப் பக்கம் நிக்கிது?"

படத்தில் இருப்பது இரண்டே பேர், மகனே. ஒருத்தி இருபத்து நாலு வயதுப் பெண், மற்றவள் அவளைப் பெற்றவள். நான் இரண்டு போனையும் மூடி வைத்துவிட்டேன். கடைக்குள் யாரோ விலை கேட்டார்கள், என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக எனக்கு விளங்க ஆரம்பித்தது. உன் தாடியை எடுத்துக்கொள். அம்மா அப்பா உயிரோடு இருக்கும்போது ஆம்பிளைப் பிள்ளை தாடி விடுவதா என்று உன் மாமாவையே விரட்டி விரட்டிச் சவரம் பண்ண வைத்தவள் அவள். நீ கார்த்திகையிலிருந்து தாடியோடு பேசிக்கொண்டிருக்கிறாய், ஒரு வார்த்தை சொன்னாளா? "மெலிஞ்சி போயிட்டியே தம்பி" என்று மட்டும்தான் ஒவ்வொரு தடவையும் சொன்னாள். எந்த அம்மாதான் அதைச் சொல்வதில்லை? பார்த்தாலும் சொல்லலாம், பார்க்காவிட்டாலும் சொல்லலாம். மாப்பிள்ளைக்குத் தாடிதான் இப்போது அழகு என்று அவளும் காலத்தோடு ஒத்துப்போய்விட்டாள் என்று நான் சந்தோஷப்பட்டேன். பிறகு அந்த நீலப் பிளவுஸ். ஹாலிஎலயிலிருந்து வந்த பெண் தைத்ததைத் திருப்பிக் கொண்டுவந்து, "அக்கா, நீலத்துக்குக் காப்பிக் கலர் நூலுங்களே" என்று பணிவாகச் சொன்னாள். உன் அம்மா என் மேல் பாய்ந்தாள். "டியூப் லைட்ட மாத்துங்கன்னு எத்தன நாளா சொல்றேன்?" நான் டியூப் லைட்டை மாற்றினேன். சாரியை வாசலுக்குக் கொண்டுபோகிற வழக்கத்தையும் ஒரு வருஷமாக அவள் விட்டுவிட்டாள். கேட்டால், "வெயில் கண்ணக் குத்துதுங்க, நீங்க கொண்டு போய்க் காட்டுங்க" என்பாள். வயதாக வயதாகச் சோம்பல் வந்துவிட்டது என்று நானும் சனத்துக்கு முன்னால் கேலி பண்ணினேன். நான் டியூப் லைட்டை மாற்றினேன், நீ போனை மாற்றினாய். அவள் கண்ணை நாம் இருவருமே பார்க்கவில்லை.

நீ புதுக் குடித்தனம் வைக்கப் போகிறாய், அதனால் இந்த ஒரு புத்தியை மட்டும் சொல்லிவிடுகிறேன். பெண்டாட்டி ஒன்றைக் குறையாகச் சொன்னால், அந்தப் பொருளைச் சரிபண்ண ஓடுவதற்கு முன்னால் அவள் பக்கத்தில் ஒரு நிமிஷம் உட்கார். நாம் கடைக்காரர்கள். குறை சொன்னால் உடனே வேறு துணியை எடுத்துப் போட்டுத்தான் பழக்கம். வீட்டில் அந்தப் பழக்கம் உதவாது. உன் போன் கடையிலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், தெரியவில்லை என்று யாராவது வந்தால் பெரிய திரையைக் காட்டுவீர்கள்.

போன வாரம் அவளைப் பதுளை பெரியாஸ்பத்திரிக் கண் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மூக்குக் கண்ணாடி வாங்கத்தான் என்று சொல்லித்தான் கிளம்ப வைத்தேன். இளம் வயது டாக்டர், பொறுமையாகப் பார்த்தார். இரண்டு கண்ணிலும் புரை நன்றாக முற்றியிருக்கிறது. உன் அம்மாவைப் போலச் சீனி வருத்தம், அதுதான் சர்க்கரை வியாதி, உள்ளவர்களுக்குச் சீக்கிரமே வருமாம். "இந்தப் போன் பாத்துப் பாத்து வந்ததுங்களா?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே இல்லை என்றார். சின்ன ஒப்பரேஷன்தான், ஒரு கண்ணை இப்போது செய்துவிட்டால் ஆவணிக்குள் நன்றாக ஆறிவிடும், மற்றதைப் பிறகு செய்யலாம், தள்ளிப்போட்டால் கல்யாணத்துக்கு முன்னால் ஆறுவதற்கு நாள் போதாது என்றார். நல்ல பார்வை வருவதற்கு எல்லாச் சாத்தியமும் இருக்கிறது என்றும் சொன்னார். நான் பெருமூச்சு விட்டேன். உன் அம்மா எழுந்து நின்று, "கல்யாணம் முடியட்டுங்க டாக்டர்" என்று கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் சண்டை. கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்கு அம்மா கறுப்புக் கண்ணாடியோடு நிற்பதா என்றாள். தலைக்குக் குளிக்கக்கூடாதாம், குனியக்கூடாதாம், ஓமப் புகை ஆகாதாம், அப்புறம் யார் இங்கே ஓடியாடி வேலை பார்ப்பது என்றாள். வெலிமடைச் சம்பந்தி என்ன நினைப்பார்கள் என்றாள். நான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கடைசியில் நடுத்தெருவில் நின்றுகொண்டு, "தம்பிகிட்ட மூச்சு விடக்கூடாது. ஆசை ஆசையா போன் வாங்கி அனுப்புன புள்ள, மனசு ஒடஞ்சி போயிரும்" என்று என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அந்தச் சத்தியத்தைத்தான் இப்போது உடைத்துக்கொண்டிருக்கிறேன்.

உடைப்பதற்குக் காரணம் முந்தாநாள். வெசாக் பார்க்கலாம் என்று பொழுது சாய்ந்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு பஜார் வரைக்கும் நடந்தேன். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது என் தோளில் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு வெசாக் விளக்குக் கூட்டுக்கும் ஒரு பெயர் வைத்துக்கொண்டே வருவாயே, அதே தெருதான். கடை வரிசை பூராவும் கடதாசிக் கூடுகள் தொங்கின. இந்த வருஷம் சாமான் விலைக்குக் கூடுகள் எல்லாம் சின்னச் சின்னதாகத்தான் கட்டியிருந்தார்கள். அவள் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "அடேங்கப்பா, இந்த வருசம் ஒவ்வொண்ணும் எவ்ளோ பெருசா கட்டியிருக்காங்க! சுத்தி வட்டம் வட்டமா எப்பிடி எரியுது பாருங்க" என்றாள். குழந்தை மாதிரிச் சந்தோஷம். டாக்டர் அதையும் சொல்லியிருந்தார், விளக்கைச் சுற்றி வட்டம் தெரியும் என்று. நான் ஆமாம், பெரிசுதான் என்று சொல்லிவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். மணவறையில் நீ தாலியைக் கையில் எடுக்கும்போது இவளுக்குத் தெரியப் போவது ஒரு வட்ட வெளிச்சமா என்று நினைத்தேன், அழுகை வந்துவிட்டது. பெற்ற பிள்ளையின் கல்யாணத்தைப் பக்கத்தில் நின்றுகொண்டே பார்க்காமல் விடுவதற்கு நான் எப்படிச் சம்மதிப்பேன்?

இந்த இடம் வரைக்கும் எழுதிவிட்டு நிமிர்ந்தேன், உன் அம்மா தேத்தண்ணியோடு வந்து நிற்கிறாள். "யாருக்குங்க இவ்ளோ நேரமா எழுதுறீங்க?" என்றாள். எனக்குப் பொய் வரவில்லை. "தம்பிக்கு" என்றேன். அவள் பலகையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "வாசிங்க" என்றாள். முதல் வரியிலிருந்து வாசித்தேன். சில இடங்களில் சிரித்தாள். ஆஸ்பத்திரி வந்ததும் முந்தானை நுனியைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தாள். சத்தியத்தை உடைத்ததற்குப் பெரிய சண்டை வரும் என்று நான் காத்திருந்தேன். நான் வாசித்து முடிப்பதற்குள் தேத்தண்ணி ஆறிவிட்டது.

பிறகு சொன்னாள். "சம்பந்தி, கறுப்புக் கண்ணாடி எல்லாம் சும்மா சொன்னதுங்க. எனக்குப் பயம்."

"என்னா பயம்? சின்ன ஒப்பரேஷன்னு டாக்டர் சொன்னாரே?" என்றேன்.

"இப்ப மங்கலாவாவது புள்ள தெரியிறான். கத்தி வச்சி அதுவும் இல்லாமப் போயிருச்சின்னா நான் என்னாங்க செய்வேன்?"

நாலு மாதமாகப் போனைப் பற்றியும் புள்ளியைப் பற்றியும் உன்னோடு வாய் ஓயாமல் வாதாடினவன், ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்து ஒரே மூச்சில் குடித்தேன். அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். போகும்போது அனுப்ப வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு இந்தக் கடைசிப் பக்கத்தை எழுதுகிறேன்.

ஆடிக் கடைசியில் வருவதற்கு லீவு கேட்டிருக்கிறாய். முதலாளியிடம் பேசி அதில் ஒரு பாதியை இப்போது எடு. கல்யாண வேலைக்கு நான் இருக்கிறேன், உன் மாமா இருக்கிறார், நீ கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால் வந்தாலும் போதும். இப்போதுதான் உன் அவசரம். ஆனி பிறப்பதற்குள் வந்துவிடு. நான் சொன்னால் அவள் தலையாட்டிவிட்டுப் படுக்கப் போய்விடுவாள். நீ பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்து, வாம்மா என்று கூப்பிட்டால் எழுந்து வருவாள். கண் கிளினிக் வாசல் வரைக்கும் நீ அவளைக் கூட்டிக்கொண்டு போ, நான் இரண்டு பேருக்கும் பின்னால் வருகிறேன். அவளை உள்ளே அனுப்பிவிட்டு நான் மட்டும் வாசலில் தனியாக நிற்கும்படி வைக்காதே. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

உன் அப்பா